இட்லிப்பூ மாதிரி உறிஞ்சக் கூடாத பூ!

மே மாதம் வந்தாலே பிரிட்டன் பூங்காக்களிலும் பழைய வீட்டுத் தோட்டங்களிலும் ஊதா, சிவப்பு, வெள்ளை எனக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் புதரைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ரோடோடென்ட்ரான். கடையில் தொட்டியோடு விற்கும் அசேலியாவும் இதே இனம்தான்.

"இது இந்த ஊர்ப் பூ, நமக்கென்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், நீலகிரி உச்சியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும், இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் பூப்பதும் இதன் சொந்தக்காரங்கதான்னு சொல்லுங்க.

முதலில் பாதுகாப்பு

ஊரில் இட்லிப்பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சிய பழக்கத்தில், தாத்தா பாட்டி இந்தப் பூவையும் பேரப்பிள்ளைக்குக் காட்டிவிடலாம். வேண்டவே வேண்டாம்! இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயனோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. வாந்தி, தலைசுற்றல் வரும், இதயத்துடிப்பு குறையலாம். நாய், பூனைக்கும் ஆகாது.

குழந்தை தின்றுவிட்டால் வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 111-ஐ அழையுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் 999. செடியின் ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள்.

எல்லாமே நல்ல பிள்ளை இல்லை

ஊதாப் பூ பூக்கும் பான்டிகம் என்ற வகை, 18ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று ஸ்னோடோனியா மலைகளிலும் அயர்லாந்தின் கில்லார்னி காடுகளிலும் படர்ந்து, தன் நிழலில் வேறு செடியை முளைக்கவே விடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைக் காட்டுப்பகுதியில் நடுவது சட்டப்படி குற்றம். அதனால் வெட்டிய கிளைகளைக் காட்டோரம் கொட்டாதீங்க.

நடணும்னு ஆசையா?

சின்ன அசேலியா போதும். இதற்கு அமில மண் வேண்டும்; சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகிவிடும். 'எரிகேஷியஸ் கம்போஸ்ட்' என்று கேட்டு வாங்கி, தொட்டியில் நடுங்கள். வேர் மேலாகவே ஓடும், ஆழமாகப் புதைக்க வேண்டாம். லண்டன் குழாய்த்தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். குழந்தை தவழும் வயதென்றால், இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவதே நல்லது.

அதுவரை ரசிக்க ரிச்மண்ட் பூங்காவின் இசபெல்லா பிளான்டேஷன் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஓடைக்கரை முழுக்க அசேலியாதான். கட்டணம் கிடையாது. கட்டுச்சோறோடு கிளம்புங்க, பறிக்காமல், கண்ணால் மட்டும் ரசிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்க!