ஒளியிழை வலையமைப்பு அட்டைகளும் இயக்கி மென்பொருளும்: தேய்மானம் பற்றிய ஒரு குறிப்பு

பொறிகளின் தேய்மானத்தை இருவகையாக வகுத்து நோக்கும் மரபு பொருளியலில் நெடுங்காலமாக உண்டு. பயன்பாட்டினால் உண்டாகும் பௌதிகத் தேய்மானம் ஒன்று. பொறி பழுதின்றி இருக்கையிலேயே, அதனினும் மலிவானதோ திறன்மிக்கதோ தோன்றுவதனால் அது தன் பெறுமதியை இழப்பது மற்றொன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். கணினித் துறையிலே இவற்றோடு சேர்த்தெண்ணத்தக்க இன்னொரு வகை நிலைபெற்றுவிட்டதை நாம் காண்கிறோம். பொறி பழுதடையாதிருந்தும், அதன் வேலை இன்னமும் தேவைப்பட்டும், அதனை இயக்கும் மென்பொருளை வழங்குவோர் கைவிட்டமையால் அது பயனற்றதாகிறது. அதிவேக ஒளியிழை வலையமைப்பு அட்டைகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

‘டிரைவர்’ என வழங்கப்பெறும் இயக்கி மென்பொருள் அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று தரவுகளைக் கைமாற்றுவது. வேகம் குறைந்த அட்டைகளில் இதன் தரம் பெரிதாகப் புலப்படுவதில்லை. செக்கனுக்கு 10 கிகாபிற் என்ற வேகத்தில் (இதற்கான ஈதர்நெற் தராதரம் 2002இல் வகுக்கப்பட்டது) நிலைமை வேறு. மிகச் சிறிய தரவுப் பொதிகளே வருமெனின், ஒரு செக்கனில் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் பொதிகள் வந்து சேரும். ஒவ்வொன்றையும் கையாளக் கிடைப்பது 67 நனோசெக்கன் மாத்திரமே. பொதி வருந்தோறும் செயலியை இடைநிறுத்தி அறிவிக்கும் பழைய முறை இங்கு செல்லாது. பல பொதிகளைத் தொகுத்து ஒருங்கே வாங்குதல், சரிபார்ப்புக் கணக்குகளை அட்டையிடமே ஒப்படைத்தல், செயலியின் பல கருக்களுக்கும் வேலையைப் பங்கிடுதல் ஆகிய யாவும் இயக்கியின் வழியாகவே நடைபெறுகின்றன. அட்டையோடு சேர்த்து விலைபேசப்படும் வேகத்தின் பெரும்பகுதி இம்மென்பொருளிலேயே தங்கியுள்ளது எனலாம்.

செலவைக் கணிப்போர் அட்டையின் விலையை மாத்திரம் நோக்குதல் வழக்கம். இழையின் இரு முனைகளிலும் ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்றும் மொடியூல்கள் வேண்டும். எவர் செய்த மொடியூலும் எவர் செய்த அட்டையிலும் பொருந்துதல் வேண்டுமென்றே உற்பத்தியாளர்கள் தமக்குள் உடன்பட்டு இவற்றின் வடிவத்தை வகுத்தனர். ஆயினும் இன்ரெல் நிறுவனத்தின் எக்ஸ்520 அட்டையைப் பார்க்குக. அதன் இயக்கி, செருகப்பட்ட மொடியூல் தன்னைப் பற்றித் தரும் அடையாளத்தைப் படித்து, அது நிறுவனம் ஏற்ற வகையல்லவெனில் இயங்க மறுக்கிறது. உடன்படிக்கையிலே திறந்துவிடப்பட்ட சந்தை சில வரி நிரலால் மீண்டும் அடைக்கப்படுகிறது! லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தடையைத் தளர்த்துவதற்கு ஓர் அமைவு உண்டு.

மெலனொக்ஸ் நிறுவனத்தின் கனெக்ற்எக்ஸ்-3 அட்டையின் கதை இன்னும் தெளிவானது. இஸ்ரேலிய நிறுவனமான இதனை 2020இல் என்விடியா வாங்கியது. பெருந் தரவு நிலையங்கள் கழித்துவிட்ட இவ்வட்டைகள் பழைய பொருட் சந்தையிலே மிக மலிவாகக் கிடைப்பன. நிதி வசதி குறைந்த ஆய்வுகூடங்களுக்கு ஏற்றவை. ஆனால் 2022இல் வெளிவந்த விஎம்வெயர் ஈஎஸ்எக்ஸ்ஐ 8 இவற்றுக்கான இயக்கியை நீக்கிவிட்டது. லினக்ஸின் மையநிரலிலோ அதே அட்டைக்கான இயக்கி நீக்கப்படாமல் உள்ளது. ஒரே பொருள் ஓரிடத்தில் கழிவாகவும் மற்றோரிடத்தில் கருவியாகவும் நிற்கிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் உற்பத்தி முறையிலே தேடப்படவேண்டியது. லினக்ஸ் மையநிரலின் உள்ளமைப்பு இடையறாது மாறுவது. அதனை மாற்றுபவர், மையநிரலினுள் அடங்கிய இயக்கிகள் அனைத்தையும் அம்மாற்றத்துக்கேற்பத் திருத்தும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். வெளியே தனித்து நிற்கும் இயக்கிக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அது முறிகிறது, நிறுவனம் மீண்டும் கூலி கொடுத்துத் திருத்தவேண்டியுள்ளது. விற்றுமுடிந்த அட்டைக்கு அக்கூலியைக் கொடுக்க அதற்கு ஊக்கம் ஏது? மூலநிரல் திறந்திருப்பதனால் மாத்திரம் இது தீர்வதில்லை என்பதை அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

முற்போக்காளர் சிலர் திறந்த மென்பொருளைத் தன்னார்வத்தின் கனியெனப் போற்றுவதுண்டு. இது மிகை. லினக்ஸிலுள்ள அதிவேக அட்டை இயக்கிகளைப் பெரும்பாலும் எழுதியோர் அவ்வந் நிறுவனங்களின் சம்பளப் பொறியியலாளரே. பராமரிப்பாரும் பயன்படுத்துவோரும் அருகியபோது ரோக்கன் ரிங் அட்டைகளின் இயக்கிகள் 2012இல் அங்கிருந்தும் அகற்றப்பட்டன. அன்றியும், அட்டையின் உள்ளே இயங்கும் நிலைநிரல் பொதுவாக மூடியே வைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள வழுக்களை உற்பத்தியாளர் வெளியிடும் திருத்தத்தாலன்றி நீக்க இயலாது. இயக்கி காக்கப்பட்ட அட்டைக்கும் இவ்வெல்லை பொருந்தும்.