ஜீப்பில் எஞ்சின் மாற்றுதல்

ஜீப்பில் எஞ்சின் மாற்றுதல் என்பது, ஒரு நான்கு சக்கர இயக்க வண்டியுடன் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறு வண்டியிலோ டிராக்டரிலோ இருந்து எடுத்த எஞ்சினைப் பொருத்தும் வேலை ஆகும். இந்தியாவில் இது பெரும்பாலும் பெட்ரோல் ஜீப்பை டீசல் ஜீப்பாக்கும் வேலையாகவே இருந்தது. பெரிய தொழிற்சாலை இதற்குத் தேவையில்லை. ஒரு கொட்டகை, செயின் பிளாக், வெல்டிங் மெஷின், பக்கத்தில் ஒரு நல்ல லேத் பட்டறை ஆகியவை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். டிராக்டரும் பம்புசெட்டும் நிறைந்த காவிரிப் படுகையில் இவை நான்கும் கிடைப்பது அரிதல்ல. எஞ்சினைத் தூக்கி வைப்பது இதில் ஒரு நாள் வேலை. அந்த எஞ்சினின் சுழற்சியைச் சக்கரம் வரை ஒழுங்காகக் கொண்டுபோவதும், வண்டியின் ஆவணத்தைச் சட்டப்படி வைத்திருப்பதும்தான் கடினமானவை.

பின்னணி

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் ஒன்றுசேர்த்து விற்கத் தொடங்கியது. பின்னர் சி.ஜே. 3பி என்ற வகை இங்கேயே நீண்ட காலம் தயாரானது. வில்லிஸ் நிறுவனம் அந்த வகையை 1953 இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியிருந்தது. அதன் பானட் மற்ற ஜீப்புகளைவிட உயரமானது. உள்ளே இருந்த 2.2 லிட்டர் 'ஹரிக்கேன்' பெட்ரோல் எஞ்சின் உயரமாக இருந்ததே அதற்குக் காரணம். வலுவான எஞ்சின்தான், ஆனால் எண்ணெய்ச் செலவு அதிகம். 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இடையே இருந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்தது. இந்திய அரசு டீசல் விலையை 2014 அக்டோபர் வரை தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததால் இந்த இடைவெளி பல்லாண்டு நீடித்தது. ஜீப் வைத்திருந்தவர்கள் டீசல் எஞ்சினைத் தேடியது இதனால்தான்.

மகிந்திரா நிறுவனமே அதே வழியில் சென்றது. முதலில் இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்தது. 1980களில் பிரான்சின் பியூஜோ நிறுவன உரிமத்தில் தயாரான 2112 கன செ.மீ. எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினுக்கு மாறியது. 1985 இல் வந்த எம்.எம். 540 ஜீப்பில் இருந்தது இதுவே. திறன் சுமார் 62 குதிரைத்திறன். பழைய ஜீப்புக்கு எஞ்சின் மாற்றுபவர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான். அதே நிறுவனத்தின் கியர் பெட்டியும் தாங்கிகளும் சேர்ந்தே கிடைத்துவிடும் என்பது அதன் பெரிய வசதி. ஹரியானாவின் மண்டி டப்வாலி நகரம் இவ்வாறு ஜீப்புகளை மறுபடி கட்டுவதற்கே பெயர் பெற்றது.

படகில் எளிது, ஜீப்பில் கடினம்

கோடியக்கரைக் கடற்கரையில் மீன்பிடிப் பருவத்தில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்தால், ஒரு வேலைக்கென்று செய்த சிறிய டீசல் எஞ்சினை இன்னொரு வேலைக்குத் திருப்புவது எவ்வளவு எளிது என்று தோன்றும். எஞ்சின் ஒரு சுழலும் தாங்கியில் படகின் பின்புறம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீளும் தண்டின் நுனியில் புரொப்பெல்லர். கியர் பெட்டி இல்லாமலே பல படகுகள் ஓடுகின்றன. சென்னையின் மீன்பாடி வண்டியும் இதே குடும்பம்: மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய ஸ்கூட்டர் அல்லது பைக் எஞ்சின்.

படகில் இது கூடுவதற்குக் காரணம் தண்ணீர். புரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே சுழலும். படகு நின்றிருந்தாலும் எஞ்சின் அணையாது. தரையில் நிற்கும் சக்கரம் அப்படி வழுக்காது. வண்டி நின்ற இடத்திலிருந்து நகர வேண்டுமானால் கிளட்ச் வேண்டும், எஞ்சின் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் வேண்டும். நான்கு சக்கர இயக்க ஜீப்பில் இது ஒரு சங்கிலி: எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிரவுன் பினியன், சக்கரம். ஒரு கண்ணியை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

வேகக் கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் எஞ்சின் வாங்கக் கூடாது. சி.ஜே. 3பி ஜீப்பின் அச்சு விகிதம் 5.38. அதாவது ஷாஃப்ட் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 6.00-16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.23 மீட்டர். கடைசி கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் சக்கரம் 743 சுற்று. வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கி.மீ.

அதே ஜீப்பில் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குமேல் ஓடாத டிராக்டர் எஞ்சினை வைத்தால், கடைசி கியரிலும் மணிக்கு 50 கி.மீ.க்குமேல் போகாது. எஞ்சினில் பலம் இல்லாததால் அல்ல, சுழற்சி இல்லாததால். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போய் வருவதற்குள் ஓட்டுபவருக்கு அலுத்துவிடும். எஞ்சினோ வழி நெடுக உச்ச வேகத்தில் கதறிக்கொண்டிருக்கும்.

வழி என்ன? அச்சு விகிதத்தை மாற்றலாம். 5.38க்குப் பதில் 4.27 கிரவுன் பினியன் போட்டால் அதே 2000 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 63 கி.மீ. கிடைக்கும். இதில் தவறக்கூடாத ஒன்று உண்டு. முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் வேறு வேகத்திலும் சுற்ற முயலும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார்ச்சாலையில் அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸையோ ஷாஃப்டையோ உடைத்துவிடும்.

விகிதத்தைக் குறைத்தால் ஊர்ந்து போகும் திறனும் குறையும். பழைய ஜீப்பின் முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்கியர் 2.46, அச்சு 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 700 சுற்றில் சும்மா ஓடும்போது வண்டி மணிக்கு 2.5 கி.மீ. வேகத்தில், ஒருவர் மெல்ல நடப்பதைவிடவும் நிதானமாக நகரும். 4.27 போட்டால் அந்த 37, 29 ஆகிறது, வேகம் 3.2 கி.மீ. இந்த இழப்பு தாங்கக்கூடியதே. மெதுவாக ஓடும் டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல முறுக்குவிசை தரும்.

இணைப்புத் தட்டு

ஒரு நிறுவனத்தின் எஞ்சினையும் இன்னொரு நிறுவனத்தின் கியர் பெட்டியையும் சேர்க்க இடையில் ஓர் இரும்பு அல்லது அலுமினியத் தட்டு போட வேண்டும். ஒரு பக்கம் எஞ்சினின் போல்ட் துளைகள், மறுபக்கம் பெல் ஹவுசிங்கின் துளைகள். இதை அடாப்டர் பிளேட் என்பார்கள். எஞ்சின் மாற்றத்தில் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கும் இடம் இதுதான்.

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டும் கியர் பெட்டியின் உள்வரும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலகினாலே தொல்லை தொடங்கும்: கிளட்ச் அதிரும், கியர் போடும்போது முனகும், நாளடைவில் பேரிங் போகும். ஆகவே துளைகளை அட்டையில் கேஸ்கெட் போல வரைந்து குத்தித் துளைப்பது போதாது. தட்டை எஞ்சினில் முடுக்கி, ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் சுற்றி நடுத்துளையின் விளிம்பை அளக்க வேண்டும். முள் அதிகம் ஆடினால் தட்டை நகர்த்தி மறுபடி அளந்து, சரியான இடத்தில் டவல் பின் அடித்து நிலைப்படுத்த வேண்டும். ஒரு நாள் முழுவதும் இதற்கே போனாலும் தகும்.

தட்டின் தடிமனாலும் ஒரு விளைவு உண்டு. தட்டு எவ்வளவு தடிப்போ அந்த அளவுக்குக் கியர் பெட்டி பின்னால் தள்ளப்படும். அதன் தண்டின் நுனி ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங்கை எட்டாமல் போகலாம். அதற்கு நீளமான வெண்கல புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து போடுவார்கள். கிளட்ச் தட்டின் வெளிவிட்டம் எஞ்சின் பக்கத்துக்கும், நடுவிலுள்ள பல் கியர் பெட்டித் தண்டுக்கும் பொருந்த வேண்டும். இரண்டும் சேர்ந்த தட்டு கடையில் கிடைக்காவிட்டால், ஒன்றின் நடுப்பகுதியை எடுத்து மற்றொன்றில் ரிவெட் அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு.

பழைய மூன்று கியர் பெட்டிக்குக் கனமான டீசல் எஞ்சினைச் சேர்ப்பது அறிவுடைமை அல்ல. டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தண்டில் ஒரு சுத்தியல் அடி. முதல் கியரின் பற்கள்தான் அந்த அடியை வாங்கும். எஞ்சினுடன் அதற்குரிய கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்கினால் அடாப்டர் பிளேட்டின் தொல்லை பாதி நீங்கிவிடும்.

மற்றவை

எஞ்சின் தாங்கியைச் சேஸிஸில் வெல்டு செய்யும்முன் ஆயில் சம்ப் முன் அச்சில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது பார்த்தால் தெரியாது. ஸ்பிரிங் முழுவதும் அழுந்தும்போது அச்சு மேலே வரும். அந்த நிலையை ஜாக்கி வைத்து உண்டாக்கிப் பார்ப்பது நல்லது.

சில பழைய ஜீப்புகளின் மின்சாரம் 6 வோல்ட். டீசல் செல்ஃப் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். ஆகவே விளக்கு பல்பு முதல் எல்லாம் மாறும். பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு காற்றால் ஓடிய வைப்பர், டீசல் வைத்தவுடன் நின்றுவிடும். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. தனி வேக்கம் பம்பு அல்லது மின் வைப்பர் வேண்டும். முதல் மழையன்றுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

சேறும் உப்பும்

கோடியக்கரை ஒரு முனை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. உள்ளே மணல்மேடுகள், காடு, உப்பளங்கள், பெரிய சதுப்பு. இங்கே தரை ஏமாற்றும். வெயிலில் மேல்தோல் காய்ந்து, உப்புப் பூத்துக் கெட்டியாகத் தெரியும். அடியில் ஈரக்களி இருக்கும்.

இத்தகைய மண்ணில் குதிரைத்திறன் அதிகம் உதவாது. பாரம் எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதே முக்கியம். 1100 கிலோ வண்டியில் ஒரு டயர் சுமக்கும் எடை சுமார் 275 கிலோ. டயரில் சதுர செ.மீ.க்கு 2 கிலோ காற்று இருந்தால் தரையில் படியும் பரப்பு சுமார் 137 சதுர செ.மீ. காற்றை 1 கிலோவாகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகி 275 ஆகும். செலவில்லாத மாற்றம் இது. ஆனால் டியூப் டயரில் காற்று மிகக் குறைந்தால், டயர் ரிம்மின் மேல் வழுக்கி டியூபின் வால்வைக் கிழித்துவிடும்.

கனமான எஞ்சின் இந்தக் கணக்கைக் கெடுக்கும். கூடுதல் எடை பெரும்பாலும் முன் சக்கரத்தில் இறங்குவதால் முதலில் புதைவது முன்புறமே. தஞ்சை வயல்களில் சேறடிக்கும் டிராக்டர் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது. அதன் பின் சக்கரத்தோடு சேர்க்கும் இரும்புக் கூண்டுச் சக்கரம், பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதோடு களியைக் கவ்வியும் பிடிக்கிறது. ஜீப்பில் அதைக் கட்ட முடியாது.

டீசலுக்கு ஈரத்தில் ஒரு மேன்மை உண்டு. தீப்பொறி தேவையில்லாததால் தண்ணீர் தெறித்து எஞ்சின் அணையாது. ஆனால் காற்று உறிஞ்சும் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே அந்த வாயை உயரத்தில் வைக்க வேண்டும். உப்புச் சேற்றில் போய் வந்த அன்றே சேஸிஸின் உட்புறம், பிரேக் டிரம், ஸ்பிரிங் இலைகள் ஆகியவற்றை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சேஸிஸ் குழிக்குள் தங்கும் உப்புக் களி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

சட்டம்

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு முதலில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு வண்டியில் மாற்றம் செய்ய இடம் தந்தது. அக்காலத்தில் மாற்றிய பல ஜீப்புகளின் ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணும் 'டீசல்' என்ற குறிப்பும் இருப்பது அதனால்தான். 2000 இல் வந்த திருத்தம் இதை இறுக்கியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது இப்போதைய விதி. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றும் கருவித் தொகுதிகளுக்கு நிபந்தனையுடன் விலக்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இந்த விதியை உறுதிசெய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே இன்று எஞ்சின் மாற்றிய ஜீப் ஒன்றை வாங்குபவர் பார்க்க வேண்டியது பானட்டுக்குள் உள்ளதை மட்டுமல்ல. எஞ்சினில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றா, எரிபொருள் எது என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே வழியாகும். சொந்த நிலத்தில்தான் ஓட்டுகிறேன் என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. பதிவைக் கட்டாயமாக்கும் 39 ஆவது பிரிவு பொது இடத்தை மட்டும் குறிப்பிடவில்லை, வேறு எந்த இடத்தையும் சேர்த்தே சொல்கிறது.

கோடியக்கரைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வெளிமான்களுக்காக 1967 இல் சரணாலயமான பகுதி இது. 2002 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைய முடியாது. சேற்றில் ஜீப்பை இறக்கிச் சோதிக்க விரும்புபவர் அதற்கு வேறு மண்ணைத்தான் தேட வேண்டும்.