கல்லாவில் அமர்ந்தவரும் கால்கடுக்க நிற்பவரும்

சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்ப்யூட்டர் நிறுவனங்கள் சிலவற்றில், நின்றுகொண்டே வேலை பார்க்கும்படியான உயர மேஜைகளைப் போட்டு வருகிறார்கள். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பது உடலைக் கெடுக்கிறது, வேலையும் மந்தமாகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதைக் கேட்கும்போது நம் வியாபாரிகள் பலருக்குச் சிரிப்பு வரலாம். "நம் கடைப் பையன்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டுதானே இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் இருக்கும் முதலாளி பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்தே இருக்கிறார். எடை போட்டுப் பொட்டலம் கட்டும் சிப்பந்தி பன்னிரண்டு மணி நேரம் நின்றே இருக்கிறார். ஒரே கூரையின் கீழ், ஐந்தடி இடைவெளியில், இரண்டு விதமான கேடுகள் நடக்கின்றன. இரண்டைப் பற்றியும் மருத்துவ ஆராய்ச்சி என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, அதிகச் செலவில்லாமல் நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கு பார்ப்போம்.

அமர்ந்தே இருப்பதன் கேடு

இந்த விஷயத்தில் முதல் பெரிய ஆராய்ச்சி லண்டன் மாநகர பஸ்களில் நடந்தது. ஜெரி மாரிஸ் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, 1953-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே புகையில், ஒரே நேரத்தில் வேலை செய்பவர்கள். ஆனால் டிரைவர் அமர்ந்தே இருப்பார்; கண்டக்டரோ மாடி பஸ்ஸின் படிகளில் நாள் முழுவதும் ஏறி இறங்குவார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. பின்னாளில் இதே குழு, டிரைவர்களின் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, அவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஏற்கெனவே அதிகம் இருந்ததையும் கண்டு சொன்னது. ஆகவே வித்தியாசம் முழுவதையும் இருக்கையின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. ஆனாலும் உடல் அசைவுக்கும் இருதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அன்று முதல் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது.

காரணம் எளிதானது. அமர்ந்திருக்கும்போது தொடையிலும் காலிலும் உள்ள பெரிய தசைகள் சும்மா கிடக்கின்றன. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு எடுத்துச் செலவழிப்பவை இந்தத் தசைகள்தான். அவை தூங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே அதிக நேரம் தங்குகிறது. மதியம் வயிறாரச் சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே கல்லாவில் சாய்ந்து உட்காரும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தெளிவாகக் குறைந்தது. நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த ஆய்வு 2023-ல் அறிவித்தது. இந்தக் கணக்கில் கல்லாவில் அமர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

நின்றே இருப்பதன் கேடு

அப்படியானால் நிற்பது நல்லதா? அங்கேதான் நிதானம் வேண்டும். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே இருதயத்துக்குத் தள்ளும் வேலையைக் கெண்டைக்கால் தசைகள் செய்கின்றன. நடந்தால் அந்தத் தசை சுருங்கி விரிந்து, பம்பு போல் வேலை செய்யும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். மாலையில் கணுக்கால் வீங்கும். வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் காலில் ரத்தக் குழாய்கள் நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொள்ளும். இடுப்பு வலியும் குதிகால் வலியும் உடன் வரும்.

இது இன்று கண்டுபிடித்த விஷயமல்ல. இத்தாலி நாட்டு மருத்துவர் ரமாஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-ம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். அதில் நின்று வேலை செய்பவர்களின் கால் நோய்களைத் தனியாகவும், அமர்ந்து வேலை செய்பவர்களின் நோய்களைத் தனியாகவும் எழுதியிருக்கிறார். அண்மைக் காலத்தில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 பேரை 12 ஆண்டுகள் கவனித்து 2017-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, பெரும்பாலும் நின்றே செய்யும் வேலைகளில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் அமர்ந்து செய்பவர்களை விட இருதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது என்று கூறுகிறது.

ஆகவே அமர்வது கேடு, நிற்பது நலம் என்று தராசில் ஒரு பக்கம் மட்டும் எடைக்கல் வைக்கக் கூடாது. ஒரே நிலையில் நாள் முழுவதும் இருப்பதுதான் கேடு. மாற்றி மாற்றி இருப்பதே மருந்து.

வேலை கூடுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசும் ஒரு நிறுவனத்தில் 167 ஊழியர்களை ஆறு மாதம் கவனித்தார்கள். சிலருக்கு, விரும்பும்போது நிற்கவும் அமரவும் வசதியான மேஜை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குப் பழைய மேஜை. 2016-ல் வெளிவந்த முடிவின்படி, புதிய மேஜை பெற்றவர்களின் வேலை சுமார் 45 சதவீதம் அதிகம். ஆனால் இதை அப்படியே நம்பி வரவில் எழுதிவிடக் கூடாது. ஒரே நிறுவனம், ஒரே வகை வேலை. இரு குழுவினரும் எல்லா வகையிலும் சமமானவர்கள் என்றும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகர மருத்துவமனை அலுவலகங்களில் 146 ஊழியர்களைக் கொண்டு நடந்து, 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் நம்பகமானது. உயரம் கூட்டிக் குறைக்கும் மேஜையும் அறிவுரையும் பெற்றவர்கள், ஓராண்டு முடிவில் நாளொன்றுக்குச் சுமார் 80 நிமிடம் குறைவாக அமர்ந்தார்கள். வேலைத் திறன், அலுப்பு, உடல் வலி ஆகியவற்றில் நல்ல மாற்றம் இருந்ததாக ஊழியர்களே தெரிவித்தனர்.

நமக்கு வேண்டிய கணக்கு வேறு. சிப்காட்டில் ஷிப்டு விட்டதும், கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் ஒரே நேரத்தில் கூட்டம் வந்து கடை வாசலில் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அன்றைய வியாபாரத்தின் பெரும்பகுதி நடக்கிறது. காலையிலிருந்து நின்று கால் வீங்கிய சிப்பந்தி, அந்த நேரத்தில்தான் எடை தவறுவார், சில்லறை தவறுவார், வாடிக்கையாளரிடம் சுள்ளென்று பேசுவார். கூட்டமில்லாத பிற்பகலில் அவரை உட்கார வைத்தால், கூட்டமுள்ள மாலையில் அவர் சுறுசுறுப்பாக நிற்பார். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, அனுபவமே போதும்.

சட்டம் சொல்வது

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவிலுள்ள கடைகளில் வேலை செய்த பெண்கள், உட்கார இடமும் கழிப்பறையும் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் பி. விஜி என்பவர் இதற்கு முன் நின்றார். அதன் பலனாக 2018-ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தியது.

அடுத்து முன்வந்தது தமிழ்நாடு. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஏதுவாக, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சென்னை ரங்கநாதன் தெருக் கடைச் சிப்பந்திகளின் வாழ்க்கையை 2010-ல் 'அங்காடித் தெரு' திரைப்படம் காட்டியபோது பலர் கண் கலங்கினார்கள். சட்டம் வருவதற்கு மேலும் பதினோரு ஆண்டுகள் பிடித்தன.

வேலை நடக்கும்போதே உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாய்ப்பு உள்ளபோது உட்கார இடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இதில் வியாபாரத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

தொழிற்சாலைகளுக்கு இது பழைய விதி. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றிருக்கிறது. நம் பகுதியில் இதைக் கவனிக்க வேண்டிய காரணம் உண்டு. கடைக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லோரும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள் என்று நாம் குறைப்படுகிறோம். கம்பெனியில் கிடைக்கும் சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியாமல் போகலாம். கம்பெனியில் கிடைக்கும் ஸ்டூலையாவது கொடுக்கலாம் அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

வாடிக்கையாளர் எதிரே சிப்பந்தி அமர்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. பாங்குக் காசாளர் உட்கார்ந்துகொண்டுதான் பணம் தருகிறார். அவரை யாரும் குறை சொல்வதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பேரங்காடியில் பில் போடுபவரும் அமர்ந்தே வேலை செய்கிறார். மரியாதை பேச்சிலும் எடையிலும் இருந்தால் போதும்.

தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டால் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். எழுந்து எழுந்து முழங்கால் தேய்ந்துவிடும். மேஜையின் உயரத்துக்கு ஏற்ற, கால் வைக்கக் குறுக்குச் சட்டம் உள்ள உயர ஸ்டூலே சரியானது. அதில் சாய்ந்தபடியே சிட்டை எழுதலாம். ஒரு நொடியில் இறங்கிச் சரக்கெடுக்கலாம். வெளிநாட்டார் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ஏறி இறங்கும் மேஜை செய்யும் வேலையை, நம் ஊர்த் தச்சர் செய்யும் ஒரு உயர ஸ்டூல் செய்துவிடும்.

நிற்கும் இடத்தில் வெறும் சிமெண்டுத் தரையாக விடாமல், ரப்பர் விரிப்பு போடலாம். தரையில் நான்கு விரல் உயர மரக்கட்டை ஒன்றை வைத்தால், ஒரு காலை மாற்றி ஒரு காலை அதில் ஊன்றி நிற்கலாம், இடுப்புக்கு இதம். அடிக்கடி எடுக்கும் பருப்பு, சர்க்கரை மூட்டைகளைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேடையில் வைத்தால் குனிவது குறையும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. செல்போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். சரக்கு இருப்பைப் பையனைக் கேட்காமல், நீங்களே குடோனுக்கு நடந்து போய்ப் பாருங்கள். உடலுக்கும் நல்லது, சரக்குக்கும் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப்பின் பத்து நிமிடம் தெருவில் நடந்து வாருங்கள். அந்த நேரம் சிப்பந்தி கல்லாவில் அமரட்டும். அவர் காலுக்கும் ஓய்வு. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை வேக நடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியிருக்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் அது நிறைவேறிவிடும்.

ஏற்கெனவே காலில் புடைப்பு, வீக்கம், மரத்துப்போதல் உள்ளவர்கள் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் காலைத் தினமும் பார்த்துக்கொள்வது அவசியம்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் தராசுக்குப் பொட்டு வைக்கிறோம், கல்லாவுக்கு மாலை போடுகிறோம். அந்தத் தராசைத் தூக்கிப் பிடிக்கும் கால்களுக்கு இந்த வருடம் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுவோம்.