தன்னைத் தானே அழைக்கும் கலம்

இலங்கையில் சித்தாண்டிப் பக்கம் நல்ல காரியம் என்றால் வெற்றிலை வட்டாவோடு வந்து அழைப்பதுதான் மரியாதை. அழைக்காத வீட்டுக்கு யாரும் போவதில்லை. நம் உடம்பிலுள்ள கலங்களுக்கும் இதே வழக்கந்தான். அழைப்பு வந்தால்தான் ஒரு கலம் இரண்டாகப் பிரியும்.

அழைப்பு எது?

அது ஒரு புரதம். பெயர் வளர்ச்சிக் காரணி. கலத்தின் மேற்புறத்திலுள்ள வாங்கியில் அது பொருந்தியதும் ‘பிரி’ என்ற சேதி உள்ளே போகும். இத்தகைய காரணிகளில் ஒன்றை ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்காக 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் உமிழ்நீரிலும் அது உண்டு. வாய்ப்புண் சீக்கிரம் ஆறுவதில் அதற்கும் பங்குண்டு.

தானே அழைத்து, தானே வந்து

சில கலங்கள் காரணியைத் தாமே சுரந்து, தம் வாங்கியாலேயே ஏற்றுக்கொள்ளும். இது நோயல்ல. கிருமி புகுந்தால் சில வெண்குருதிக் கலங்கள் இப்படித்தான் பெருகும். வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். புற்றுநோய்க் கலம் ஓய்வதில்லை. தன் வாசலுக்குத் தானே வட்டா கொண்டுபோய், தன்னையே ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கும். ஆய்வாளர்களான மைக்கேல் ஸ்போர்னும் ஜோர்ஜ் டொடாரோவும் 1980இல் இதை விளக்கினார்கள். வாய்ப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் காரணியும் மிகை, வாங்கியும் மிகை.

கொடுப்பில் அடக்கிய பாக்கு

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்தால்தான் கெடுதல் என்று நம்புவோர் உண்டு. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது. பாக்கும் சுண்ணாம்பும் கொடுப்பை நாள்தோறும் புண்ணாக்கும். புண்ணை ஆற்றக் கலங்கள் திரும்பத் திரும்பப் பிரியும். மரபணுவில் பிழைகள் சேரும். பிழை முற்றிய கலம் பிறகு யாருடைய அழைப்புக்கும் காத்திருக்காது.

எப்போது காட்ட வேண்டும்?

- இரண்டு வாரமாகியும் ஆறாத புண்
- வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புப் படை
- உறைப்புப் பட்டால் எரிவு. வாய் திறப்பது குறைதல்
- கழுத்தில் கட்டி

இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வாங்கியை அடைத்து அழைப்பைத் தடுக்கும் செட்டுக்சிமாப் என்ற மருந்து 2006 முதல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது. ஆனால் அது எல்லோருக்கும் கேட்பதில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையாலேயே குணமாக்கலாம்.

அடுத்த முறை வட்டாவை நீட்டினால், தொட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். மரியாதைக்கு அது போதும். வாயில் போடத் தேவையில்லை.