காட்டுக்குக் கொடுக்கும் காசு யாருக்குப் போகிறது?

உடும்பஞ்சோலையில் ஜீப்பு ஓட்டிப் பிழைக்கிறவன் நான். விடிகாலையில் கம்பம், போடிப் பக்கமிருந்து மெட்டேறி வரும் பெண்களை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவது முதல் வேலை. லீவு நாட்களில் டூரிஸ்ட் சவாரி. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஆனை பாத்துரலாமா?" கொஞ்சம் தைரியசாலிகள் புலி கேட்பார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டிவியில் காட்டும் சஃபாரி எல்லாம் கென்யா, தான்சானியாப் பக்கம் எடுத்தது. அங்கே பரந்த புல்வெளி. சிங்கம் தூரத்தில் படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நம் பெரியாற்றுக் காடு அப்படியா? பத்தடிக்கு அந்தப் பக்கம் மிளா நின்றாலும் தெரியாது. கிளை முறியும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அதனால் என் வண்டியில் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "எதைப் பாக்கப் போறோம்னு என்னால சொல்ல முடியாது சார். குடுக்குற காசு யாருக்குப் போகுதுன்னு சொல்ல முடியும்."

அந்தப் பெரியாற்றுக் காட்டுக்குள் இருக்கும் தேக்கடி ஏரி தானாக உண்டானது இல்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியபோது மூழ்கிய காடு அது. அன்று மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்னும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நீர்க்காகங்களுக்கு அவைதான் திண்ணை. 1934இல் திருவிதாங்கூர் அரசு ஏரியைச் சுற்றியுள்ள காட்டைக் காப்பகமாக்கியது. 1950இல் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். இன்று 925 சதுர கிலோமீட்டர். படகில் போனால் கரையோரம் காட்டுமாடு, மிளா, அதிர்ஷ்டம் இருந்தால் யானைக் கூட்டம். போய் வரலாம், தப்பில்லை. ஆனால் காடு என்னவென்று தெரியவேண்டுமானால் நடக்க வேண்டும். நடப்பவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் யார் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

குமுளிப் பக்கம் வயணப்பட்டை வெட்டுகிறவர்கள் இருந்தார்கள். வயணம் என்றால் காட்டு லவங்கப்பட்டை மரம். இரவோடு இரவாகக் காட்டுக்குள் போய், மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்து, மூட்டை கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். யாவாரி கையில் கொடுப்பது சொற்பம். கேஸ், ஜாமீன், மறுபடி காடு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வனத்துறைக்காரர்கள் இவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பட்டை வெட்டுவதை விடுங்கள், கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், டூரிஸ்டைக் கூட்டிப் போய்ச் சம்பாதியுங்கள் என்பதுதான் பேச்சு. அப்படித்தான் 'டைகர் டிரெயில்' பிறந்தது. இருபதுக்கும் கொஞ்சம் மேற்பட்ட ஆட்கள். டிக்கெட் காசு அவர்கள் சங்கத்துக்கு வருகிறது. காட்டுக் காவலும் அவர்கள் வேலை. எந்தத் தடத்தில் திருடன் வருவான் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டுப் பக்கம் சந்தனம் கடத்தியவர்களும் பிறகு 'விடியல்' என்று தனிக் குழுவாகச் சேர்ந்தார்கள்.

நானும் ஒரு முறை சவாரிக்காரர்களோடு நடந்தேன். கிளம்பும்முன் முழங்கால்வரை துணி உறை கட்டி, அதன்மேல் மூக்குப்பொடி தூவிவிட்டார்கள், அட்டைக்கு. முன்னால் போன பெரியவர் திடீரென்று கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். வழியில் ஆனை லத்தி. குச்சியால் பிளந்தார், உள்ளே மூங்கில் நார். புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கு. அந்தச் சரிவுலதான் நிக்கும். மேக்கால போவம்." யானையைக் காட்டிக் காசு வாங்க வேண்டியவர், யானை இருக்கும் இடத்தை விட்டு எங்களை விலக்கிக் கூட்டிப் போனார். என்னோடு வந்தவர்களில் ஒருவருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை கூடியது.

குமுளியில் 'வசந்த சேனை' என்று பெண்கள் குழுவும் உண்டு. 2002 முதல் முறை வைத்துக்கொண்டு சந்தன மரம் இருக்கும் காட்டில் ரோந்து போகிறார்கள். கூலி கிடையாது. வீட்டு வேலை முடித்துவிட்டுப் போகிற பெண்கள். இவர்களைப் பற்றி டூரிஸ்டு யாரும் கேட்டதில்லை.

எங்கள் தாலுகாவுக்கு வருவோம். பூப்பாறைப் பக்கம் மதிகெட்டான் சோலை, 2003இல் தேசியப் பூங்கா ஆனது, 12.82 சதுர கிலோமீட்டர்தான். அதற்கு முந்தைய வருஷம் அங்கிருந்த ஆக்கிரமிப்பை அகற்றியது பெரிய அரசியல் சண்டையானது. யானைக்கு அந்த எல்லைக் கல் தெரியுமா? ஆனயிறங்கல், சின்னக்கானல், சாந்தன்பாறை எல்லாம் அதன் நடைபாதை. அந்தப் பாதையிலேயே நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்து '301 காலனி' என்று குடியேற்றினார்கள். பலர் பயந்து காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29இல் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். மே கடைசியில் அது கம்பம் டவுனுக்குள் நடந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. யானைக்காகக் கண்ணீர் விட்டவர்கள் நிறைய. தோட்டத் தொழிலாளர் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியவர்களுக்காகவும் கொஞ்சம் விட்டிருக்கலாம்.

என் தொழிலிலேயே சிலர் செய்வதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யானை நிற்கிறது என்று போன் வந்தால் போதும், நாலைந்து வண்டி பறக்கும். ஹாரன், கூச்சல், செல்ஃபி. விரட்டப்பட்ட யானை ராத்திரி எந்த லயத்தில் கோபத்தைக் காட்டும் என்று ஏற்றிப்போனவனும் யோசிப்பதில்லை, ஏறிப்போனவனும் யோசிப்பதில்லை. அப்படிக் கூட்டிப் போகிறேன் என்று சொல்கிறவன் வண்டியில் ஏறாதீர்கள். யானையை மறித்துப் படம் எடுத்தால் கூலி தரமாட்டோம் என்று ஏறும்போதே சொல்லுங்கள். நாங்கள் தானாகத் திருந்துவோம்.

தேக்கடிக்கு வந்தால் வனத்துறை கவுண்டரிலேயே நடைப் பயணத்துக்கு டிக்கெட் போடுங்கள். ஆள் எண்ணிக்கைக்கு அளவு உண்டு, முன்கூட்டியே பதிவது நல்லது. வரையாடு பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் மாதம் பார்த்துக் கிளம்புங்கள். குட்டி போடும் காலம் என்பதால் வருஷாவருஷம் பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பூங்காவை மூடிவிடுவார்கள்.