கரிசல் சீமைக்கு வந்த டிராமும் அருவியும்

அருப்புக்கோட்டைத் தெருவில் டிராம் வண்டி ஓடியதே இல்லை. திருச்சுழிப் பக்கத்தில் அருவி கொட்டியதும் இல்லை. அங்கே ஓடுவது குண்டாறு. வருஷத்தில் பல மாதங்கள் அதில் மணல்தான் தெரியும். இத்தனைக்கும், பிரளய வெள்ளம் சுழித்து உள்ளே போன இடம் திருச்சுழி என்கிறது ஸ்தல புராணம்!

அந்த ஜனங்களுக்கு டிராமையும் அருவியையும் காட்டியவை படங்கள்தான்.

சென்னை மவுண்ட் ரோட்டின் பழைய தபால் அட்டைப் படத்தைப் பாருங்கள். நடுத்தெருவில் தண்டவாளம். அதன்மேல் பெட்டி போன்ற வண்டி. வண்டியின் தலைக்கு மேல் ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரம்தான் வண்டியை இழுத்தது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை.

1895-ம் வருஷம் மே 7-ந் தேதி சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் மின்சாரம் தரைக்கு அடியில்தான் போயிற்று. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து தொல்லை கொடுத்தது. பிறகுதான் கம்பியை மேலே கட்டினார்கள். மழைக்கு ஏங்கும் திருச்சுழிக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

பஸ்கள் பெருகின. டிராம் கம்பெனிக்கு நஷ்டம். 1953 ஏப்ரல் 12-ந் தேதியோடு டிராம் நின்றது. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1960-களில்தான்!

பாபநாசம் அருவி

அருவிப் படத்தின் கதை இன்னும் பழையது. போட்டோ எடுக்கும் கருவி வருவதற்கு முன்பே, 1792-ல், தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் தன் சகோதரர் மகனோடு தெற்கே வந்தார். பாபநாசம் அருவியைப் பார்த்து வரைந்தார். அந்தப் படம் பின்னர் லண்டனில் அச்சாயிற்று.

ஓவியர் கண்டது அழகு. வியாபாரிகள் கண்டது பலம். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் அருவிக்கு அருகே, விக்கிரமசிங்கபுரத்தில், பஞ்சாலை கட்டினார்கள். தாமிரபரணித் தண்ணீரின் வேகமே ஆலையை ஓட்டியது.

ஆலைக்குப் பஞ்சு வேண்டுமே! மழை குறைந்த கரிசல் மண்ணில் விளைவது பருத்தி. திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் பருத்திக்கு வெளிநாட்டுச் சந்தையில்கூடத் தனிப்பெயர் இருந்தது. தண்ணீர் இல்லாத மண் பஞ்சு கொடுத்தது. தண்ணீர் விழுந்த மலையடிவாரம் அதை நூலாக்கியது. அருப்புக்கோட்டையோ நூலைத் துணியாக்கும் நெசவாளர் ஊர்.

1944-ல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மலைமேல் அணையில் தேக்கிய தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சக்கரத்தைச் சுற்றவைத்தார்கள். பிறந்த மின்சாரம் கம்பி வழியே தென் ஜில்லாக்களுக்கு ஓடியது. குடிக்க வராத மலைத் தண்ணீர், விளக்காக வந்தது!

குடும்பப் படம்

அந்த நாள் போட்டோ ஸ்டூடியோக்களில் பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் மாளிகைப் படியோ, பூங்காவோ, அருவியோ தீட்டியிருப்பார்கள். முன்னால் நாற்காலியில் தாத்தா. பக்கத்தில், நாலு தெரு தாண்டிக் குடம் சுமந்த பாட்டி, கொட்டும் அருவிக்கு முன்னே நிற்பாள்!

வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டவும் கூடாது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள்.