கிரானடாவில் முதல் பத்து நாள்கள்

நம் துறையில் இளங்கலை பயின்று, பின்னர் வரலாற்றில் நாட்டங்கொண்டு, ஸ்பெயின் நாட்டுக் கிரானடா பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்பிற்காகச் சென்ற மாணவர் ஒருவர், அங்குச் சேர்ந்த பத்தாம் நாள் எனக்கொரு மடல் விடுத்தார். "ஐயா, இங்கு நான் ஊமையாகிவிட்டேன்" என்பது அதன் முதல் வரி. வகுப்பில் வாய் ஓயாது வினவிய பிள்ளை அவர். சென்னையில் ஓராண்டு ஸ்பானியம் கற்று, தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றே விமானம் ஏறினார். அவ்வாறிருந்தும், ரொட்டிக் கடையில் விலை கேட்டு, கிடைத்த விடை விளங்காமல், கையிலிருந்த பெரிய நோட்டை நீட்டிவிட்டு மீதியை எண்ணிப் பாராமலே திரும்பினாராம். கற்ற மொழி கைவிட்டது ஏன் என்பதே அவர் என்னிடம் கேட்ட கேள்வி. அதனை ஆராய முற்பட்டபோது அறிந்தவற்றை, நாளை அயல்நாடு செல்லவிருக்கும் நம் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகிறேன்.

கிரானடா, ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் உள்ளது. அப்பகுதி மக்கள் பேச்சில் சொல்லிறுதி ஸகரம் பெரும்பாலும் கெடும். சில இடங்களில் மெல்லிய ஹகரமாகத் திரியும். நூலில் 'புவெனோஸ் தியாஸ்' என்றுள்ள காலை வணக்கம் தெருவில் 'புவெனோ தியா' என ஒலிக்கும். மீனைக் குறிக்கும் 'பெஸ்காதோ' என்னும் சொல் 'பெஹ்காவோ' ஆகிவிடும். அம்மொழியில் பன்மை விகுதியும் ஸகரமே. அதுவும் கெட்டுவிட்டால் ஒருமை பன்மையை எங்ஙனம் அறிவது? கிரானடா வட்டாரத்தார் இறுதி உயிரைச் சற்று வாய் விரித்து ஒலித்து அவ்வேறுபாட்டைக் காட்டுவர். வீடு என்னும் பொருள்தரும் 'காஸா'வும், வீடுகள் என்னும் 'காஸாஸ்'உம் அவர் நாவில் ஏறத்தாழ ஒன்றே. உயிரின் விரிவு மட்டுமே வேறு. ஓராண்டுப் படிப்பில் இந்நுட்பம் செவிக்கு வசப்படுவதில்லை.

இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. 'வந்தார்கள்' என நூலில் கற்ற வெளிநாட்டார் ஒருவர் நம் தென்பாண்டிக் கடற்கரை ஊர்களில் 'வந்தாஹ' என்னும் வழக்கைக் கேட்டால் அவர்க்கும் இதே திகைப்புத்தான். செந்தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையே நாள்தோறும் நடந்து பழகிய நம் மாணவர்க்கு இவ்வுண்மையை எடுத்துரைத்ததே பெரிய ஆறுதலாயிற்று.

இனிப் பெயர்ச் சிக்கல். ஆறு மாதங்களுக்கு மேல் தங்கிப் பயில்வோர், நாட்டிற்குள் நுழைந்த ஒரு மாதத்திற்குள் அயல்நாட்டார் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். தங்கும் முகவரியை நகராட்சியிலும் பதிதல் வேண்டும். இப்படிவங்களில் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்களும் இருக்கும். ஸ்பானியர்க்கு மரபுப்படி முதற்குடும்பப் பெயர் தந்தைவழி, இரண்டாவது தாய்வழி. மணமானாலும் பெண்கள் தம் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. தலைப்பெழுத்து ஒன்றே உடைய நம் மாணவர் தந்தையார் பெயரை முதற்கட்டத்தில் இட்டார், இரண்டாவது வெறுமையாயிற்று. அன்றுமுதல் அலுவலகங்களிலும் வகுப்பறையிலும் அவரை அழைத்தது தந்தையார் பெயராலேயே. ஊரில் ஒருநாளும் தாம் வாய்விட்டுச் சொல்லியிராத அத்தாவின் பெயருக்கு எழுந்து நின்று 'ஆம்' என்று கூறுகையில் கண் கலங்கியதாக எழுதியிருந்தார்.

ஆசிரியரை விளிப்பதில் மற்றொரு தடுமாற்றம். முன்னிலை ஒருமைக்கு அவர்தம் சொல் 'தூ'. (தமிழ்ச் செவிக்கு அச்சொல்லே சற்றுக் கூசும்.) மரியாதைச் சொல் 'உஸ்தெத்'. 'தங்கள் மேன்மை' எனப் பொருள்படும் பழந்தொடர் ஒன்று தேய்ந்து உருவானமையால் இது படர்க்கை வினையே கொள்ளும். எதிரே நிற்பவரையே நோக்கி 'ஐயா எப்போது வந்தார்கள்?' என நாம் வினவுவது போன்றது. ஆயினும் இன்றைய ஸ்பெயினில் மாணவர் பலர் பேராசிரியரைத் 'தூ' என்றே அழைக்கின்றனர். பேராசிரியரும் அதனை விரும்புகின்றனர். நம்மவர்க்கோ நா எழவில்லை. நானறிய, எழாமலிருப்பதில் குற்றமுமில்லை.

உணவைப் பற்றிப் பெற்றோர் முதலில் கேட்பர். நண்பகல் உணவு இரண்டு மணிக்குமேல், இரவுணவு ஒன்பதுக்குமேல். இடையே கடைகள் பலவும் அடைபட்டிருக்கும். பன்றி இறைச்சி எங்கும் உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. பன்றித்தொடை உப்புக்கண்டத்தைச் சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை போலும். 'சின் செர்தோ', அஃதாவது பன்றி இன்றி, என்றே சொல்லுதல் வேண்டும். அல்பைசீன் மேட்டில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளிவாசல் உள்ளது. அங்கிருந்து பார்த்தால் எதிரே அல்ஹம்ரா.

அவருக்கு என் மறுமொழியில், அகராதியோடு சந்தைக்குச் செல்லுமாறு எழுதினேன். 1492 ஜனவரி 2ஆம் நாள் கிரானடா அரசு வீழ்ந்தது. 1567இல் அரபு மொழி பேசுதற்கும் தடை வந்தது. எனினும் சொற்களை விலக்க எந்த ஆணையாலும் இயலவில்லை. எண்ணெய் 'அசெய்தே', ஒலிவக்காய் 'அசெய்தூனா', நம் இல்லங்களில் வழங்கும் ஸைத்தூன். 'காதி' என்னும் நடுவர் பெயர் 'அல்கால்தே' எனத் திரிந்து நகரத் தலைவரைக் குறிக்கிறது. அவ்வாறு நடந்தால் நன்று என்னும் ஏக்கத்தை 'ஒஹாலா' என்பர். 'அல்லாஹ் நாடினால்' என்பதே அதன் மூலம். ஆரஞ்சைக் குறிக்கும் 'நரான்ஹா' அரபு, பாரசீகம், வடமொழி வழியே பின்னோக்கிச் சென்று, நம் நாரத்தைக்கு உறவான திராவிடச் சொல்லில் சேர்வதாக அறிஞர் பலர் கருதுவர்.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் மடல் வந்தது. சந்தையில் நாரத்தையின் உறவைக் கண்டதாகவும், விலை கேட்டுப் பேரம் பேசித் தோற்றதாகவும் எழுதியிருந்தார். ரொட்டிக் கடை அம்மையார் இப்போது இவர் வாய் திறக்குமுன்னரே 'லோ தே சியெம்ப்ரே?' என்கிறாராம். 'வழக்கமானதுதானே?' என்பது பொருள். மீதிக் காசையும் எண்ணி வாங்குகிறாராம்.